ஒரே கேபினெட், ஐந்து கணினிகள்

அலுவலகத்தில் என் மேசைக்கு அடியில் நிற்கும் கணினியின் கேபினெட் 2001ஆம் ஆண்டு வாங்கப்பட்டது. அன்று வெண்சாம்பல் நிறத்தில் இருந்த அதன் முகப்பு இப்போது பழுத்த எலுமிச்சையின் நிறத்துக்கு வந்துவிட்டது. பக்கத் தகட்டைப் பூட்டும் திருகுகளில் ஒன்று எப்போதோ தொலைந்து, அந்த இடத்தில் அளவு சரியில்லாத வேறொரு திருகு அரைகுறையாக உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் 2001இல் இருந்த பொருள்களில் ஒன்றுகூட இன்று இல்லை. மற்றப் பாகங்களெல்லாம் வந்து பொருந்தும் மதர்போர்டு நான்கு முறை மாறியிருக்கிறது. மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ் எத்தனை முறை மாறியது என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். ஆயினும் சென்ற மாதம் புதிய போர்டைக் கொண்டுவந்து உள்ளே வைத்தபோது, இருபது ஆண்டுகளுக்கும் முன்னால் ஏதோ ஒரு தொழிற்சாலையில் தகட்டில் போடப்பட்ட துளைகள் அதன் துளைகளுக்கு நேராக வந்து நின்றன. அது எப்படி நேர்ந்தது என்று யோசித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பொறியாளன் அல்லன். யாங்கோனில், வீட்டில் நாங்கள் இன்னமும் ரங்கூன் என்றே சொல்லும் ஊரில், பயின்னவுங் மொத்தச் சந்தையை நம்பி நடக்கும் ஒரு பருப்பு வியாபார அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். இங்கே விளையும் உளுந்தும் துவரையும் இந்தியாவுக்குப் போகின்றன. தமிழ்நாட்டு வீடுகளில் இட்லிக்கு அரைபடும் உளுந்தில் ஒரு பங்கு பர்மா மண்ணில் விளைந்தது என்பது அங்கே பலருக்குத் தெரியாது. மூட்டைக் கணக்கு, லாரி வாடகை, தரகு ஆகியவற்றைப் பதிவதற்கும், கரித்தாள் வைத்து மூன்று படியாகப் பில் அடிப்பதற்கும் எங்களுக்குக் கணினி வேண்டும். அதற்குமேல் அதனிடம் நாங்கள் எதையும் கேட்டதில்லை. ஆனால் பழுதானால் மறுநாள் காலைக்குள் எழுந்து நிற்க வேண்டும் என்பதை மட்டும் எப்போதும் கேட்டிருக்கிறோம்.

அந்த ஒரு வேண்டுகோளே இங்கே பெரிய காரியமாக இருந்தது. 1996ஆம் ஆண்டு வந்த கணினி அறிவியல் மேம்பாட்டுச் சட்டம், குறிப்பிட்ட வகைக் கணினிச் சாதனங்களை முன் அனுமதி இன்றி இறக்குமதி செய்வதையும் வைத்திருப்பதையும் 7 முதல் 15 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1997இல் அமெரிக்கா இந்நாட்டில் புதிய முதலீடு செய்வதைத் தன் குடிமக்களுக்குத் தடை செய்தது; 2003இல் பணப் பரிமாற்றச் சேவைகளும் தடைக்குள் வந்தன. பெயர்பெற்ற கணினி நிறுவனம் எதுவும் தன் பெயர்ப் பலகையை மாட்டிக்கொண்டு இந்த ஊரில் கடை திறக்காததற்கு இவையே போதுமான காரணங்கள். கணினி வந்தது, ஆனால் முழுக் கணினியாக அதிகம் வரவில்லை. சிங்கப்பூரின் சிம் லிம் சதுக்கத்தில் அடுக்கடுக்காக இருக்கும் கடைகளில் வாங்கப்பட்டு, கப்பலில் வேலை பார்த்த பிள்ளைகளின் பெட்டிகளில் லுங்கிகளுக்கும் பால்மாவு டின்களுக்கும் நடுவே, மதர்போர்டாகவும் ராமாகவும் ஹார்டு டிஸ்காகவும் துண்டு துண்டாக வந்தது. வந்த துண்டுகளை ஒட்டவைத்து உயிர்கொடுப்பதற்கு ஊரில் ஆட்கள் இருந்தார்கள். உத்தரவாதச் சீட்டு கிடையாது, கட்டணமில்லாத் தொலைபேசி எண் கிடையாது, நிறுவனத்தின் பொறியாளர் கிடையாது. யார் செய்த பாகமும் யார் செய்த பாகத்தோடும் பொருந்தும் என்ற ஒரே நம்பிக்கைதான் எங்களுக்கு இருந்த சர்வீஸ் சென்டர்.

நான் முதன்முதலில் கைவைத்த கணினி 486 பிராசசர் வகையைச் சேர்ந்தது. அதை எங்களுக்கு அசெம்பிள் செய்து தந்தவர் எங்கள் தெருவிலேயே இருந்த ஒரு தமிழ் அண்ணன். வானொலிப் பெட்டி பழுதுபார்ப்பதில் தொடங்கி, தொலைக்காட்சிக்கு வந்து, கணினிக்கு ஏறியவர். அக்காலத்து ஏடி வகை மின்வழங்கியிலிருந்து மதர்போர்டுக்கு இரண்டு இணைப்பான்கள் வரும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இடம் மாற்றிச் செருகினாலும் செருகிக்கொள்ளும். அவ்வாறு செருகி மின்சாரம் கொடுத்தால் போர்டு அந்தக் கணமே போய்விடும். “கறுப்போட கறுப்பு சேரணும் தம்பி. மறந்துட்டா போர்டுக்குக் கருமாதிதான்” என்று அவர் சொல்லிக்கொடுத்தார். இரண்டு இணைப்பான்களின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் பக்கம் பக்கமாக வரவேண்டும் என்பது விதி. ஒரே ஒரு வாக்கியம். அதைத் தெரிந்தவன் தைவானில் செய்த போர்டையும் சீனாவில் செய்த மின்வழங்கியையும் ரங்கூனில் இணைக்கலாம். அந்த வாக்கியத்தைக் கற்றதற்காக நான் யாருக்கும் கட்டணம் செலுத்தவில்லை, எந்த நிறுவனத்திடமும் அனுமதி கேட்கவில்லை.

இந்தத் திறந்த கதவை யாரும் தர்மத்துக்காகத் திறந்து வைக்கவில்லை என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். ஐபிஎம் நிறுவனம் 1981 ஆகஸ்ட் 12ஆம் நாள் தன் 5150 என்ற சொந்தக் கணினியை அறிவித்தது. புளோரிடா மாநிலத்தின் போகா ராட்டனில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் இயங்கிய சிறு குழு அதை ஏறக்குறைய ஓராண்டுக்குள் உருவாக்கியது. அந்த அவசரத்தில் எல்லாவற்றையும் தாமே செய்துகொண்டிருக்க நேரமில்லாததால், கடையில் கிடைத்த பாகங்களையே வாங்கிப் பூட்டினார்கள். பிராசசர் இன்டெல்லின் 8088, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ், இயக்க மென்பொருள் மைக்ரோசாஃப்டிடமிருந்து, ஐபிஎம் பெயரோடு விற்ற அச்சுப்பொறிகூட உண்மையில் எப்சன் எம்எக்ஸ்-80. தொடக்க விலை 1,565 டாலர். அந்த விலைக்கு 16 கிலோபைட் நினைவகம் கிடைத்தது, திரையும் டிஸ்க் டிரைவும் தனி. பிறர் இந்த இயந்திரத்துக்கு விரிவாக்க அட்டைகளும் மென்பொருள்களும் செய்தால் தங்கள் விற்பனை பெருகும் என்ற கணக்கில், சுற்றுப் படங்களையும் கணினியை விழிக்கச் செய்யும் பயோஸ் என்ற அடிப்படை நிரலின் முழுப் பட்டியலையும் ஒரு தொழில்நுட்பக் கையேடாகவே அச்சிட்டு விற்றார்கள். ஐபிஎம்முக்கே உரியதாக அந்தப் பெட்டிக்குள் மிஞ்சியது அந்த பயோஸ் ஒன்றுதான்.

அதையும் அப்படியே படியெடுக்க முடியாது. ஆப்பிள் நிறுவனம் பிராங்க்ளின் என்ற நகல் கணினி நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கில், சில்லுக்குள் எழுதப்பட்ட நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு என்று 1983இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் அந்த நிரல் செய்யும் வேலைக்குப் பதிப்புரிமை இல்லை. ஹூஸ்டனில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸை விட்டு வெளியேறிய மூவர் 1982இல் தொடங்கிய காம்பாக் நிறுவனம், ஐபிஎம் நிரலைப் பாராதவர்களைக் கொண்டு அதே வேலையைச் செய்யும் வேறொரு நிரலை எழுதச் செய்தது. அவர்களுடைய முதல் இயந்திரம் தையல் மெஷின் பெட்டியைப் போலக் கைப்பிடி வைத்தது. சுமார் 13 கிலோ எடை. ‘எடுத்துச் செல்லத்தக்கது’ என்ற சொல்லைத் தாராள மனத்தோடு பயன்படுத்தியிருக்கிறார்கள். 1983ஆம் ஆண்டில் 53,000 பெட்டிகள் விற்று 111 மில்லியன் டாலர் ஈட்டினார்கள். 1984இல் பீனிக்ஸ் நிறுவனம் இதையே தொழிலாக்கியது: ஒரு குழு ஐபிஎம் நிரலைப் படித்து அது என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதிக்கொடுக்கும், அந்த நிரலை ஒருபோதும் கண்டிராத இன்னொருவர் அக்குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக எழுதுவார். படித்தவன் எழுதக்கூடாது, எழுதுகிறவன் படித்திருக்கக்கூடாது. கையேட்டை அச்சிட்டு ஊருக்கெல்லாம் விற்றதே, நிரலைப் படிக்காத ஆளைத் தேடுவதைக் கடினமாக்கியது என்பது இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். பீனிக்ஸ் தன் பயோஸைக் காசு கொடுத்த எவருக்கும் விற்றது. அன்றிலிருந்து ஐபிஎம்முக்கு இணக்கமான கணினி செய்வது, பாகங்களை வாங்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய வேலையாயிற்று.

கதவு திறந்துவிட்டதைக் கண்ட ஐபிஎம் அதை மூடவும் முயன்றது. 1987 ஏப்ரலில் பிஎஸ்/2 என்ற வரிசையை வெளியிட்டு, அதில் மைக்ரோ சானல் என்ற புதிய இணைப்புப் பாதையை வைத்தது. தொழில்நுட்ப அளவில் பழையதைவிட அது மேலானது. ஆனால் பழைய அட்டைகள் அதில் ஏறா. அதைப் பின்பற்றிக் கணினி செய்ய விரும்புகிறவர்கள் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். இதற்கு முந்திய ஆண்டே, 386 பிராசசர் வைத்த கணினியை ஐபிஎம்முக்கு முன்னால் காம்பாக் வெளியிட்டுவிட்டது. யாரைப் பார்த்து யார் நடக்க வேண்டும் என்ற ஐயம் சந்தையில் ஏற்கெனவே விழுந்திருந்தது. 1988இல் காம்பாக், எச்பி, எப்சன், என்இசி, ஒலிவெட்டி உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து, பழைய அட்டைகளும் ஏறக்கூடிய இன்னொரு பாதையை அறிவித்தன. அவர்களுடைய பாதையும் பெரிதாக ஓடவில்லை என்பது வேறு. ஐபிஎம்முடைய பாதை ஓடாமல் பார்த்துக்கொண்டார்கள். பர்மாவில் 1970இல் வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதை ஒரே ஆணையில் வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். வண்டிகளின் ஸ்டீயரிங்கோ அப்படியே வலப்பக்கத்தில் தங்கிவிட்டது. பேருந்தில் இறங்குகிறவர் நடுத்தெருவில் இறங்கிய அந்த நாட்களைக் கண்டவர்களுக்கு, உள்ளே இருக்கும் பாகங்களைக் கேட்காமல் மேலிருந்து விதியை மாற்றினால் என்ன ஆகும் என்று ஐபிஎம்மின் கதையைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. பிஎஸ்/2 என்ற பெயர் பிழைத்திருப்பது கீபோர்டுக்கும் மவுஸுக்குமான ஊதா, பச்சை நிற வட்டத் துளைகளில் மட்டும்தான்.

இனி எங்கள் அலுவலகக் கதைக்கு வருகிறேன், ஏனெனில் பொருந்துவது என்ற சொல்லின் உண்மையான எடையை அங்கேதான் உணர்ந்தேன். 2003ஆம் ஆண்டு வாக்கில் எங்கள் முதலாளியின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஒரு பழைய பிராண்டட் டெஸ்க்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் தெரிந்த நிறுவனம். அழகான பெட்டி, திருகே இல்லாமல் திறக்கும் மூடி, உள்ளே கம்பிகள் சடை பின்னியதுபோல் ஒழுங்காக இருந்தன. அசெம்பிள் பெட்டியை மட்டுமே பார்த்த எங்களுக்கு அது மணமகனைப் போலத் தெரிந்தது. ஆறே மாதத்தில், மாலை நேரத்து மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் அதன் எஸ்எம்பிஎஸ் இறந்துபோனது. ரங்கூனில் எஸ்எம்பிஎஸ் இறப்பது புதிதன்று. அண்ணன் அலமாரியிலிருந்து ஒரு சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்துவந்தார். 20 முனை இணைப்பான், அதே உருவம், அதே கொக்கி. கிளிக் என்று செருகிக்கொண்டது. சுவிட்சைத் தட்டினார். ஒரு சிறு வெடிப்பு, பிறகு புகை, பிறகு எரிந்த பிளாஸ்டிக்கின் அந்த நாற்றம். அந்த நிறுவனம் பொது இணைப்பானை எடுத்துக்கொண்டு, அதற்குள் கம்பிகளின் வரிசையை மட்டும் தன் விருப்பத்துக்கு மாற்றி வைத்திருந்தது. பொது வரிசையில் ஆரஞ்சு 3.3 வோல்ட், சிவப்பு 5, மஞ்சள் 12, கறுப்பு புவி என்று ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. அந்த இடங்களை நம்பித்தான் அண்ணன் செருகினார். அவர் அன்று மாலை முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. செத்த போர்டின் இணைப்பானையும் நல்ல போர்டின் இணைப்பானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இதைச் சந்தைக்காரர்கள் மொழியில் சொன்னால் எளிதில் விளங்கும். பர்மாவில் இன்றும் கறியும் காயும் வெங்காயமும் வீசைக் கணக்கில்தான் விலைபேசப்படுகின்றன. பர்மியர் அதைப் பெய்த்தா என்பார்கள். ஆங்கிலேயர் ‘விஸ்’ என்று எழுதிவைத்தது நம் வீசை என்ற சொல்லிலிருந்து. ஆனால் பழைய மதராஸ் வீசை ஏறக்குறைய 1.4 கிலோ, பர்மா வீசையோ 1.63 கிலோ. பெயர் ஒன்று என்று நம்பி அங்கத்து விலையில் இங்கே வாங்கினவன் தலையில் கைவைப்பான். முற்றிலும் வேறான இணைப்பானை அந்த நிறுவனம் வைத்திருந்தால் எனக்கு வருத்தமில்லை; செருக முடியாது, திரும்பி வந்திருப்போம். ஊருக்குப் பொதுவான படிக்கல்லின் உருவத்தில் தன் சொந்த எடையை வார்த்து வைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏடிஎக்ஸ் என்று நான் சொன்னது இன்டெல் 1995இல் வெளியிட்ட வரையறை. போர்டின் அளவு 305க்கு 244 மில்லிமீட்டர், திருகுத் துளைகள் இன்னின்ன இடத்தில், பின்பக்கச் செவ்வகத் திறப்பு இவ்வளவு, மின்வழங்கிக்கு ஒரே இணைப்பான், அதையும் தலைகீழாகச் செருக முடியாது. கறுப்போடு கறுப்பு என்ற மந்திரம் அன்றோடு தேவையற்றுப் போயிற்று. 1997இல் வந்த மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சிறிய அளவும் பெரும்பாலும் அதே துளைகளைப் பயன்படுத்தியது. பிறகு மின்வழங்கி 20 முனையிலிருந்து 24க்கு வளர்ந்தபோதும் பழைய இருபதின் வரிசை கெடாமல் ஓரத்தில் நான்கைச் சேர்த்தார்கள். இன்டெல்லே 2004இல் பிடிஎக்ஸ் என்ற புதிய வடிவத்தைக் கொண்டுவந்து ஏடிஎக்ஸை ஓய்வுபெறச் செய்யப் பார்த்தது. கேபினெட் செய்தவர்களும் போர்டு செய்தவர்களும் அசையவில்லை. சில ஆண்டுகளில் இன்டெல்லே அதைக் கைவிட்டது. என் எலுமிச்சை நிறப் பெட்டி இன்றும் வேலை செய்வதற்கு அந்த அசையாமையே காரணம்.

இதைப் படித்துவிட்டு நகல் கணினிகளின் உலகம் முழுச் சுதந்திர நாடு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஐபிஎம் இழந்த கடிவாளம் தரையில் விழவில்லை. இன்டெல்லின் கைக்கும் மைக்ரோசாஃப்டின் கைக்கும் போயிற்று. 1990களின் நடுப்பகுதியில் சாக்கெட் 7 என்ற ஒரே பொருத்துகுழியில் இன்டெல்லின் பென்டியமும் ஏறும், போட்டி நிறுவனங்களான ஏஎம்டியின் கே6உம் ஏறும், சைரிக்ஸின் பிராசசரும் ஏறும். போர்டை வாங்கிய பிறகும் பிராசசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம் கையில் இருந்தது. 1997இல் பென்டியம் இரண்டோடு இன்டெல் தனக்கே உரிய ஸ்லாட் 1க்கு மாறியது. அதிலிருந்து போர்டை வாங்கும்போதே எந்தக் கட்சி என்று முடிவுசெய்தாக வேண்டும். மென்பொருளில் இன்னும் மோசம். கணினி செய்யும் நிறுவனங்கள் தாங்கள் அனுப்பும் ஒவ்வொரு பிராசசருக்கும் மைக்ரோசாஃப்டுக்குக் கட்டணம் செலுத்தும் வகையிலான ஒப்பந்தங்கள் இருந்தன. வேறு இயக்க மென்பொருள் ஏற்றி விற்றாலும் காசு போகும். 1994இல் அமெரிக்க நீதித்துறையோடு ஏற்பட்ட இணக்கத்துக்குப் பிறகே அம்முறை நின்றது. எங்களுக்கு அது எட்டாக்கை வழக்கு. உரிமம் பெற்ற விண்டோஸ் எப்படியிருக்கும் என்பதை அந்நாளில் எங்கள் தெருவில் யாரும் கண்ணால் கண்டதில்லை, நடைபாதையில் விற்ற நகல் குறுந்தகட்டைத்தான் கண்டோம்.

வாங்குகிறவர் வேண்டாம் என்று சொல்லி வென்ற சந்தர்ப்பமும் உண்டு. 2000ஆம் ஆண்டு பென்டியம் 4 வெளிவந்தபோது, ராம்பஸ் வகை நினைவகத்தை மட்டும் ஏற்கும் போர்டுகளோடு இன்டெல் வந்தது. விலை மிக அதிகம். இரண்டிரண்டாகச் செருக வேண்டும். காலியாக விட்ட இடத்திலும் ஒரு வெற்று அட்டையைச் செருக வேண்டும். வெறும் அட்டைக்குக் காசு கொடுக்கச் சொன்னால் பயின்னவுங் சந்தையில் யார் கொடுப்பார்? உலகத்தில் எங்கும் அதிகம் பேர் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டே சாதாரண நினைவகம் ஏற்கும் போர்டுக்கு இன்டெல் இறங்கிவந்தது, டிடிஆர் வகை நினைவகம் வென்றது.

பாகங்களை நாமே தேர்ந்தெடுப்பதற்கு ஒரு விலையும் உண்டு. ஏமாறும் உரிமையும் அதோடு சேர்ந்தே வருகிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் வில்லையில் 400 வாட் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே அதில் பாதியைத் தாங்கும் மின்மாற்றிகூட இராது. அண்ணன் வில்லையைப் படிக்கவே மாட்டார். கையில் தூக்கி எடைபார்ப்பார். கனமாக இருந்தால் உள்ளே செம்பும் வெப்பத்தகடும் இருக்கின்றன என்று பொருள். பின்புறத்தில் இருக்கும் சிவப்பு சுவிட்ச் 115இல் நிற்கிறதா 230இல் நிற்கிறதா என்று பார்க்காமல் மின்சாரம் கொடுத்து எத்தனை பேர் எரித்தார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. 2001இல் நாங்கள் வாங்கிய முதல் போர்டு, அக்காலத்தில் உலகமெங்கும் பரவிய தரமற்ற மின்தேக்கிகளின் நோய்க்குப் பலியாயிற்று: சிறு உருளைகளின் தலை பூரியைப் போல உப்பி, பழுப்பு நிறத் திரவம் கசிந்தது. மலிவுப் போர்டுகளுக்கு மட்டும் அந்த நோய் வரவில்லை, பெரும் பெயர்களின் பெட்டிகளுக்குள்ளும் வந்தது என்பது எங்களுக்கு அப்போது ஓர் ஆறுதல். உப்பியவற்றைப் பிடுங்கிப் புதியவற்றை ஈயம் வைத்துப் பற்றவைத்து ஓராண்டு ஓட்டினோம். பிறகு போர்டை மட்டும் மாற்றினோம். கேபினெட், திரை, கீபோர்டு, பிரிண்டர் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கடைக்குப் போய் எந்தக் கணினி வேண்டும் என்று ஒருமுறை விரல் நீட்டுவதை நான் தேர்வாக எண்ணுவதில்லை. ஒவ்வொரு பழுதின்போதும் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப்போடுவது, எவ்வளவு செலவழிப்பது என்று நாமே தீர்மானிக்க முடிவதே எனக்குத் தேர்வு. பணம் மொத்தமாகச் சேராத வீட்டில் வேறு எதற்கும் அந்தப் பெயர் தகாது.

சென்ற மாதம் நேர்ந்தது இதுவரை நேராதது. எதுவும் பழுதாகவில்லை. 2017இல் பொருத்திய நான்காவது போர்டு, ஆறாம் தலைமுறை இன்டெல் பிராசசரோடு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பட்டியலில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத இன்டெல் பிராசசரும் இருக்கின்றன. வங்கியோடும் ஏற்றுமதி ஆவணங்களோடும் தொடர்புள்ள கணினியைப் பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாமல் வைத்திருக்க எனக்குத் துணிவில்லை. லினக்ஸுக்கு மாறலாம் என்று மகன் சொன்னான். எங்கள் கணக்கு மென்பொருளை எழுதியவர் அதை விண்டோஸுக்கு வெளியே கொண்டுவரவே இல்லை. சரி, பிராசசரை மட்டும் மாற்றலாம் என்று பார்த்தால் அங்கே மறுபடியும் வீசைக் கதை. ஆறாம் தலைமுறையும் எட்டாம் தலைமுறையும் எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயருடைய சாக்கெட்டில்தான் உட்காருகின்றன. முனைகளின் எண்ணிக்கையும் ஒன்றே. ஆனால் பழைய போர்டில் புதியது உயிர்பெறாது. எதிர்க்கட்சியான ஏஎம்டி 2016இல் கொண்டுவந்த ஏஎம்4 சாக்கெட்டோ, பயோஸைப் புதுப்பித்தால் பழைய போர்டுகள் பலவற்றில் 2022இல் வந்த பிராசசரையும் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு நீண்ட ஆயுளோடு இருந்தது. இரண்டையும் பார்த்தபின், குழியின் பெயரை நம்பிப் பயனில்லை, குழிக்குச் சொந்தக்காரனின் மனநிலையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது என்று தோன்றியது.

கடையிலிருந்த பையன் எனக்கு ஒரு மினி கணினியைக் காட்டினான். உள்ளங்கையில் அடங்கும்; சத்தமில்லை; மின்வெட்டு நேரத்தில் சிறு இன்வெர்ட்டரிலேயே நெடுநேரம் ஓடும். எங்கள் ஊரில் கடைசியாகச் சொன்னது சிறிய காரியமன்று. உண்மையிலேயே மனம் ஆடியது. ராம் கூட்ட முடியுமா என்று கேட்டேன். போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது, முடியாது என்றான். அடாப்டர் போனால் இதே முனை கிடைக்குமா என்று கேட்டேன். இணையத்தில் தேடலாம் என்றான். பிரிண்டரைச் செருக பேரலல் போர்ட் என்ற இணைத்துளை உண்டா என்று கேட்டபோது, அந்தச் சொல்லைத் தன் வாழ்நாளில் கேட்டதே இல்லை என்பதைப் போலப் பார்த்தான். “அண்ணே, அந்தக் காலத்து பிரிண்டர் இன்னும் ஓடுதா?” என்றான்.

ஓடுகிறது. ஆகவே கைமாறி வந்த ஏஎம்4 மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு ஒன்றும், அதற்கேற்ற பிராசசரும், பிரிண்டருக்காக இணைத்துளை வைத்த சிறு விரிவாக்க அட்டை ஒன்றும் வாங்கிக்கொண்டு சைக்கா என்ற மிதிவண்டி ரிக்ஷாவில் அலுவலகத்துக்கு வந்தேன். அண்ணன் இப்போது இல்லை; போர்டைத் தாங்கும் பித்தளைத் தாங்கிகளை நானே கழற்றிப் பூட்டினேன். இரண்டை மட்டும் இடம் மாற்ற வேண்டியிருந்தது. பயன்படாமல் நின்ற ஒன்றை மறக்காமல் எடுத்துவிட்டேன், ஏனென்றால் போர்டுக்கு அடியில் தவறான இடத்தில் நிற்கும் ஒரு பித்தளைத் துண்டு எல்லாவற்றையும் எரித்துவிடும் என்பது அவர் கற்பித்த இரண்டாவது பாடம். 24 முனை இணைப்பான் செருகிக்கொண்டது. சுவிட்சைத் தட்டுவதற்கு முன் ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று ஒருமுறை விரல் வைத்து எண்ணிப் பார்த்துக்கொண்டேன். அந்தப் பழக்கம் 2003இலிருந்து இருக்கிறது. மறுநாள் காலை முதல் பில் உளுந்துக்காக அடிக்கப்பட்டது. மூன்றாம் படி வழக்கம்போல மங்கலாகத்தான் விழுந்தது. ரிப்பன் மாற்ற வேண்டும்.